துண்டுக்குள் ஏலம்!

போடிநாயக்கனூரில் ஏலக்காய் விற்கும் முறையை ஒருமுறையேனும் நேரில் கண்டவர் அதை மறக்கமாட்டார். ‘ஸ்பைசஸ் போர்டு’ என்று மக்கள் அழைக்கும் நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏல முறை அது. வணிகர்கள் கணிப்பொறிகளின் முன்னே அமர்ந்திருப்பர். இன்ன எண்ணுள்ள சரக்கு, இத்தனை கிலோ என்று திரை கூறும். விலை ஏறும், ஏறுவதை எல்லோரும் காண்பர். ஒருவர் கேட்க, மற்றவர் மிஞ்ச, இறுதியில் ஒருவருக்கு முடியும். அன்றைய வரத்து எவ்வளவு, விற்றது எவ்வளவு, உச்ச விலை என்ன, சராசரி விலை என்ன என்பதை வாரியம் ஊரறிய, உலகறிய வெளியிட்டுவிடுகிறது. குறையே இல்லாத ஏற்பாடு என்று கூறமாட்டோம். விலை வீழ்ந்த நாளில் மலைத்தோட்டத்து விவசாயி விடும் பெருமூச்சை நாம் அறிவோம். ஆனால், பெருமூச்சு விடும் அவனுக்கும், தன் சரக்கு என்ன விலைக்குப் போயிற்று, சந்தை அன்று எந்த விலையில் நின்றது என்பது தெரியும். இழந்தாலும், எதனால் இழந்தோம் என்ற தெளிவு அவனுக்கு இருக்கும்.

இருட்டு வாணிபம் எப்படி இருக்கும் என்பதும் நாம் அறியாததல்ல. மாட்டுத்தாவணியிலே, தரகர் கைமேல் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, விரலைப் பிடித்து விலை பேசுவார். மாட்டை வளர்த்தவன் பக்கத்திலேயே நிற்பான். அவனுடைய மாட்டுக்குக் கேட்கப்பட்ட விலையோ, துண்டுக்குள் இருக்கும் இரண்டு கைகளுக்கு மட்டுமே தெரியும்!

தேனி மாவட்டத்து வாணிபம் இன்று இந்த இரண்டு முறைகளுக்கும் நடுவே நிற்கிறது. ஏலக்காய் வெளிச்சத்தில் விலை போகிறது; ஏலக்காயை வாங்க விரும்புகிறவன் எந்தக் கடையின் வாசலுக்குப் போகவேண்டும் என்பதோ துண்டுக்குள் முடிவாகிறது. அந்தத் துண்டின் பெயர், தேடுபொறி. பெரும்பாலோர் கையில் அது கூகுள்.

சென்னையிலோ பெங்களூரிலோ ஒருவர் கைப்பேசியை எடுத்து, ‘போடி ஏலக்காய்’ என்றோ, ‘கம்பம் பன்னீர் திராட்சை’ என்றோ, ‘மேகமலையில் தங்குமிடம்’ என்றோ எழுதித் தேடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் விரலை எடுத்துக் கண்ணை இமைப்பதற்குள், அந்தச் சொற்களின்மேல் ஓர் ஏலம் நடந்து முடிந்துவிடுகிறது. விளம்பரம் கொடுத்த வணிகர்களில் யார் முதலில் தெரிவது, யார் நான்காவதாகத் தெரிவது, யார் தெரியாமலே போவது என்பதற்கான ஏலம் அது. கேட்ட தொகை மட்டும் அங்கே கணக்கில்லை. விளம்பரத்தின் தரம், அது கொண்டு சேர்க்கும் பக்கத்தின் தரம், தேடியவரின் நிலை என்று இன்னும் பல சேர்த்து எடை போடப்படுகிறது. தராசு யார் கையில்? கூகுளின் கையில். எடைக்கற்கள் யாருடையவை? கூகுளுடையவை. ஏலம் கேட்ட போடி வணிகருக்கு, பக்கத்தில் இருந்தவர் என்ன கேட்டார் என்பது தெரியுமா? தெரியாது. அவர் விளம்பரத்தை ஒருவர் தொட்டால், பணம் மட்டும் கணக்கிலிருந்து கழிந்துவிடும்!

“ஐயா, அது அவர்கள் கட்டிய கடை. தங்கள் கடை வாசலைத் தங்கள் விருப்பப்படி அமைக்கிறார்கள். உமக்கு ஏன் உறுத்துகிறது?” என்று கேட்கும் அன்பர்கள் உண்டு. அவர்களுக்குப் பதில் கூறவேண்டும். அதற்கு முன், அந்தக் கடை வாசல் எத்தனை முறை இடித்துக் கட்டப்பட்டது என்பதையும், ஒவ்வொரு முறையும் யார் தலையில் கல் விழுந்தது என்பதையும் கூறிவிடுகிறோம்.

தொடக்கத்தில் அந்தப் பக்கம் எளிமையானது. தேடினால், பத்து இணையதளங்களின் பெயர்கள் வரிசையாக வரும். 2000ஆம் ஆண்டு அக்டோபரில் ‘ஆட்வேர்ட்ஸ்’ என்னும் விளம்பர ஏற்பாடு வந்தது. 2007இல் படம், காணொளி, செய்தி, வரைபடம் எல்லாம் அதே பக்கத்தில் கலந்தன. எழுத்தை மட்டும் நம்பியிருந்தவன் படம் எடுக்க ஓடினான். 2012இல், கேள்விக்கான விவரம் அந்தப் பக்கத்திலேயே பெட்டி கட்டி வைக்கப்பட்டது. 2015 ஏப்ரலில், கைப்பேசிக்கு ஏற்ப அமையாத தளங்கள் கைப்பேசித் தேடலில் பின்னுக்குப் போகும் என்ற மாற்றம் வந்தது. ஊர் ஊராகச் சிறு வணிகர்கள் தளங்களை இடித்துக் கட்டினர். கட்டுக்கூலி கொடுத்தவர்கள் அவர்களே.

அதே 2015ஆம் ஆண்டு ஆகஸ்டில், வரைபடத்தோடு காட்டப்படும் உள்ளூர்க் கடைகளின் எண்ணிக்கை 7இலிருந்து 3ஆகக் குறைக்கப்பட்டது. எண்ணிப் பாருங்கள். மேகமலை அடிவாரத்திலோ, குமுளி சாலையிலோ, ஏழு பேர் தங்கும் விடுதி நடத்துகிறார்கள். ஏழு பேரும் அந்தத் திண்ணையில் அமர்ந்திருந்தார்கள். ஒருநாள் காலையில் திண்ணையின் நீளம் வெட்டப்படுகிறது. நால்வர் தெருவில் நிற்கிறார்கள். அவர்கள் விடுதியில் அழுக்கு சேர்ந்ததா? இல்லை. வாடகையை ஏற்றினார்களா? இல்லை. விருந்தினரை விரட்டினார்களா? அதுவும் இல்லை. திண்ணை சிறுத்தது, அவ்வளவே அவர்கள் செய்த குற்றம்!

2016 பிப்ரவரியில் இன்னொரு மாற்றம். கணிப்பொறித் திரையின் வலப்புறத்தில் இருந்த விளம்பரங்கள் எடுக்கப்பட்டன. நல்லதாயிற்றே என்கிறீர்களா? பொறுங்கள். வாணிபத் தேடல்களில், மேலே மூன்று விளம்பரங்கள் இருந்த இடத்தில் நான்கு வரை வரலாம் என்றாயிற்று. கைப்பேசியின் சிறு திரையில் நான்கு விளம்பரம் நின்றால், அதற்கு அடியில் இருப்பது கிணற்றின் அடியில் இருப்பது போலத்தான். பணம் கொடுக்காமல், நல்ல சரக்கும் நேர்மையான விவரமும் கொண்டு முதலிடம் பெற்றிருந்தவன், அதே முதலிடத்தில் இருந்துகொண்டே கண்ணுக்குத் தெரியாதவன் ஆனான்!

இப்போது கடைசி மாற்றத்துக்கு வருவோம். 2024 மே மாதத்தில் அமெரிக்காவிலும், அதே ஆண்டு ஆகஸ்டில் இந்தியாவிலும், பக்கத்தின் உச்சியில் செயற்கை நுண்ணறிவு தானே விடை கூறத் தொடங்கியது. 2025இல் உரையாடல் போலவே விடை தரும் தனி முறையும் இந்தியாவுக்கு வந்துவிட்டது. இன்று அது தமிழிலும் பேசுகிறது.

போடியில் ஒரு வணிகர் தம் இணையதளத்தில், 8 மில்லிமீட்டர் ஏலக்காய் எது, 7 மில்லிமீட்டர் எது, பச்சை நிறம் எதனால் மங்குகிறது, வாங்கியதை எப்படிக் காற்றுப் புகாமல் வைப்பது என்றெல்லாம் விளக்கி எழுதி வைத்திருக்கிறார் என்று கொள்வோம். அவர் நோக்கம் என்ன? படிக்க வருபவர், படித்தபின் கால் கிலோ வாங்குவார் என்பதுதான். இன்றோ, இயந்திரம் அவர் எழுதியதையும், அவரைப் போல் பலர் எழுதியதையும் படித்துச் சாறு பிழிந்து, நான்கு வரியில் விடையாகத் தந்துவிடுகிறது. கேட்டவருக்கு விடை கிடைத்தது. எழுதியவருக்கு வாசலில் காலடியோசையும் இல்லை. இது வெறும் அச்சமல்ல. அமெரிக்காவின் பியூ ஆராய்ச்சி மையம், 2025 மார்ச் மாதத்தில் சுமார் 900 பேர் செய்த தேடல்களை ஆராய்ந்தது. இயந்திர விடை தோன்றாத தேடல்களில் 100க்கு 15 முறை, கீழேயுள்ள தளம் ஒன்றை மக்கள் திறந்திருக்கிறார்கள். விடை தோன்றியபோதோ 100க்கு 8 முறைதான். அந்த விடைக்குள்ளேயே காட்டப்படும் இணைப்பைத் தொட்டது 100க்கு ஒரு முறை!

இந்த இடத்தில்தான் பகுத்தறிவு இளைஞர்களிடம் தனியாக ஒன்று கூற விரும்புகிறோம். அசரீரி என்று புராணத்தில் படித்திருக்கிறோம். ஆள் தெரியாது, முகம் தெரியாது, வானத்திலிருந்து குரல் மட்டும் வரும், கேட்டவர்கள் கைகூப்புவார்கள். “யார் பேசியது? எதை வைத்துப் பேசியது?” என்று கேட்டவர்கள் நாம். இன்று கைப்பேசியின் உச்சியிலே ஒரு குரல் ஒலிக்கிறது. அது சில நேரம் சரியாகவும் சில நேரம் தவறாகவும் கூறுகிறது. இரண்டையும் ஒரே உறுதியோடு கூறுகிறது. வானத்து அசரீரியைக் கேள்வி கேட்டவர்கள், கண்ணாடித் திரையின் அசரீரியைக் கண்டு கைகூப்பலாமா? அடியிலே காட்டியிருக்கும் ஆதாரத்தைத் திறந்து பார்க்கும் அந்த ஒருவராக நாம் இருக்கவேண்டாமா?

அசரீரி இருக்கும் இடத்தில் பூசாரியும் இருப்பார் அல்லவா? இருக்கிறார். ‘எஸ்.இ.ஓ.’ என்ற மூன்றெழுத்தை அவர் மந்திரமாக உச்சரிக்கிறார். அந்த மூன்றெழுத்திலே உண்மையான தொழிலும் உண்டு. தளத்தைச் செம்மையாக அமைத்து, செய்தியைத் தெளிவாக எழுதிக் கொடுக்கும் உழைப்பாளிகளை நாம் மதிக்கிறோம். நாம் கூறுவது அவர்களையல்ல. “மூன்று மாதத்தில் முதலிடம், மாதம் இவ்வளவு கொடும், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று சின்னமனூரிலும் உத்தமபாளையத்திலும் கடை கடையாக ஏறி இறங்கும் வாக்குறுதி வணிகரைக் கூறுகிறோம். முதலிடத்துக்கு எவரும் உறுதி தர முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. தளத்தின் மறைவிடத்தில் திறவுச்சொற்களை அடுக்கி வைக்கும் வித்தையைத் தன் வரிசைக்குக் கணக்கில் எடுப்பதில்லை என்று 2009ஆம் ஆண்டே அது அறிவித்தது. தாயத்து செல்லாது என்று சாமியே கூறிய பிறகும், தாயத்து விற்கிறார் பூசாரி! பலிக்கவில்லை என்றால், “கூகுள் மாற்றிவிட்டான், பரிகாரம் செய்யவேண்டும்” என்கிறார். பரிகாரத்துக்குத் தனிக் கட்டணம்!

சாதகம் பார்க்கும் மனப்பான்மைக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? விதி மாறும், ஏன் மாறியது என்று கேட்கக்கூடாது, செலவு மட்டும் செய்யவேண்டும் — இதுதானே இரண்டிலும் உள்ள சாரம்?

இனி, “அவர்கள் கடை, அவர்கள் விருப்பம்” என்ற அன்பர்களிடம் வருவோம். ஒரு தெருவில் பல கடைகள் இருந்தால், ஒருவர் தம் கடையை விருப்பம்போல் அமைக்கட்டும். ஊருக்குள் வருவதற்கு இருக்கும் ஒரே பாலத்தை ஒருவர் கையில் வைத்துக்கொண்டு, அதை நினைத்த நேரத்தில் அகலமாக்குவேன், குறுக்குவேன் என்றால், அது கடை அல்ல; சுங்கச்சாவடி. சுங்கச்சாவடிக்குச் சட்டம் வேண்டும்.

இது நம் கற்பனை வாதமன்று. 2024 ஆகஸ்ட் 5 அன்று அமெரிக்க நீதிபதி அமித் மேத்தா, தேடல் துறையில் கூகுள் ஏகபோகத்தைச் சட்டத்துக்குப் புறம்பாகக் காத்து வந்தது என்று தீர்ப்பளித்தார். அந்த வழக்கின் விசாரணையில், 2023இல், கூகுளின் விளம்பரப் பிரிவு உயர் அதிகாரி ஒருவரே சாட்சியம் கூறினார்: ஏல முறையைச் சற்றுத் திருத்தி விளம்பர விலையை 5 விழுக்காடு, சில தேடல்களில் 10 விழுக்காடு கூட உயர்த்தியதுண்டு, அதை விளம்பரதாரரிடம் பொதுவாகச் சொல்வதில்லை என்று. துண்டுக்குள் விரல் அசைந்ததை, துண்டைப் பிடித்தவரே ஒப்புக்கொண்டார்!

நம் நாட்டிலும் எதிர்ப்புக் குரல் எழுந்தது. எழுப்பியவர்களில் தமிழ்நாட்டு நிறுவனமும் ஒன்று. பாரத் மேட்ரிமோனி தளத்தை நடத்தும் சென்னை நிறுவனம் 2012இல் இந்தியப் போட்டி ஆணையத்திடம் புகார் செய்தது. ஜெய்ப்பூரின் நுகர்வோர் அமைப்பான ‘கட்ஸ்’ உம் புகார் செய்தது. 2018 பிப்ரவரி 8 அன்று ஆணையம் கூகுளுக்கு 135.86 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. புகாரில் கூறிய எல்லாவற்றையும் ஆணையம் ஏற்கவில்லை. கூகுள் மேல்முறையீட்டுக்கும் சென்றது. எனினும் ஆணையம் கண்ட குற்றங்கள் எவை என்று பாருங்கள். 2010க்கு முன், படம், செய்தி போன்ற கலப்பு முடிவுகள் தகுதியால் அல்லாமல், 1, 4, 10 என்ற குறித்த இடங்களில் வைக்கப்பட்டன என்பது ஒன்று. விமானப் பயணத் தேடலில் தன் சொந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் தனியிடம் தந்தது என்பது மற்றொன்று. பக்கத்தின் அமைப்பே வாணிபத்தின் தலையெழுத்தை மாற்றுகிறது என்று நாம் கூறுவதை, ஆணையமே எழுதி வைத்திருக்கிறது.

ஐரோப்பாவில் இன்னும் ஒருபடி மேலே சென்றனர். பொருள் ஒப்பீட்டில் தன் சொந்தச் சேவைக்கு உயர்ந்த இடம் தந்ததற்காக 2017 ஜூனில் 242 கோடி யூரோ அபராதம். 2024 செப்டம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அதோடு, எண்மச் சந்தைச் சட்டம் என்ற புதுச் சட்டத்துக்குப் பணிந்து, 2024 மார்ச் முதல் ஐரோப்பாவில் தன் தேடல் பக்கத்தின் அமைப்பையே கூகுள் மாற்றியது. தோழர்களே, இதில் உள்ள செய்தி சிறிதல்ல. அந்தப் பக்கம் இயற்கையன்று, விதியன்று. மனிதர் வரைந்த கோடு. சட்டம் கேட்டால் மாறும். மக்கள் கேட்டால்தான் சட்டம் கேட்கும். இந்தியாவிலும் எண்மப் போட்டிச் சட்டத்தின் வரைவு 2024 மார்ச்சில் வெளியிடப்பட்டு, மக்கள் கருத்துக்கு வைக்கப்பட்டது. கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் எத்தனை பேர் கருத்து எழுதினோம்? அந்த வரைவைப் பற்றி நம் நாடாளுமன்ற உறுப்பினரிடம் எத்தனை பேர் கேட்டோம்?

இயந்திரம் வேண்டாம் என்பவர்கள் அல்லர் நாம். மலைக்கு மேற்கே ஓடிய பெரியாற்று நீரை, மலையைக் குடைந்து இந்தப் பள்ளத்தாக்குக்குத் திருப்பிய அறிவின் பயனை உண்டு வாழ்பவர்கள் நாம். 1895இல் பென்னிகுயிக்கின் அணை எழுந்திராவிட்டால், இன்றைய கம்பம் ஏது, கூடலூர் ஏது? ஆனால், அந்த நீர் எப்படி நமக்கு வருகிறது என்பதையும் நினையுங்கள். 14,707 ஏக்கர் இருபோக நிலத்துக்கு என்று, எந்த நாளில் மதகு திறக்கும், விநாடிக்கு எத்தனை கனஅடி என்று ஆணை வருகிறது, ஊருக்கு அறிவிக்கப்படுகிறது. நாள் தள்ளினால் விவசாயிகள் கேள்வி கேட்கிறார்கள்; கேட்க ஓர் இடம் இருக்கிறது. நள்ளிரவில் எவரோ மதகை இறக்கிவிட்டு, “பயிருக்கு நன்மைக்காகத்தான்” என்று காலையில் கூறினால் நம் உழவர்கள் பொறுப்பார்களா? தேடல் பக்கத்தின் மதகு மட்டும் அப்படி இறங்கலாம், நாம் பொறுக்கலாம் என்பது எந்த நியாயம்?

“பயனருக்கு வசதி” என்று அவர்கள் கூறுவதில் உண்மை இல்லாமலும் இல்லை. தேடியவருக்கு விடை விரைவில் கிடைக்கிறது; மறுக்கவில்லை. ஆனால், பன்னீர் திராட்சையை விளைவித்தவன் பட்டினி கிடந்தால், நாளைக்குத் தேடியவருக்குத் திராட்சை எங்கிருந்து வரும்? எழுதியவன் எழுதுவதை நிறுத்திவிட்டால், இயந்திரம் எதைப் படித்து விடை கூறும்?

ஆகவே நாம் கோருவது இரண்டு. ஒன்று, போடி ஏல மையத்தில் உள்ள வெளிச்சம்: விளம்பர ஏலத்தில் விலை எப்படி அமைந்தது என்று பணம் கொடுத்தவனுக்குக் கணக்குக் காட்டவேண்டும். இரண்டு, பெரியாற்று மதகுக்கு உள்ள முன்னறிவிப்பு: ஆயிரமாயிரம் சிறு வணிகரின் பிழைப்பைத் தொடும் மாற்றத்தை முன்கூட்டியே கூறவேண்டும், குறைகேட்க, இயந்திரம் அல்லாத ஒரு மனிதர் இருக்கவேண்டும்.

சட்டம் வரும்வரை கைகட்டி நிற்கலாமா? கூடாது. அடுத்தவன் திண்ணையில் மட்டும் கடை விரிப்பவன், திண்ணைக்காரனின் தும்மலுக்கும் நடுங்கவேண்டும். நம் இளைஞர்கள் கடைக்காரர்களுக்கு எடுத்துக் கூறவேண்டியவை எளியவை. வாங்கியவரின் பெயரையும் எண்ணையும், அவர் ஒப்புதலோடு, உமது சொந்தப் பேரேட்டில் எழுதிவையும்; அந்தப் பேரேட்டை எந்த நிறுவனமும் ஒரே இரவில் மாற்றமுடியாது. வரும் ஒவ்வொருவரிடமும், “எங்களை எப்படி அறிந்தீர்கள்?” என்று கேட்டுக் குறித்துவையும்; மூன்று மாதக் குறிப்பு, பூசாரியின் முந்நூறு வாக்குறுதியைவிட உண்மை பேசும். விளம்பரத்துக்குக் கொடுத்த ரூபாயையும், அதனால் வந்த ரூபாயையும் ஒரே தாளில் எழுதிப் பாரும்.

கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது சட்டம் தந்த பெயர். தேடுபொறி தந்த பெயரல்ல. அந்தப் பெயர் ஒவ்வொரு பெட்டியிலும் அச்சாகட்டும். வாங்குபவன் ‘திராட்சை’ என்று தேடாமல், பெயர் சொல்லித் தேடும் நாள் வரட்டும். பொதுச் சொல்லுக்கு நடக்கும் ஏலத்தில் பணக்காரன் வெல்வான். ஊர்ப்பெயரைச் சொல்லித் தேடி வருபவனை, திசை திருப்புவது எளிதல்ல. பத்து விவசாயிகள் தனித்தனியே பத்து விளம்பரம் கொடுத்து, ஒருவர் விலையை ஒருவர் ஏற்றிக்கொள்வதைவிட, உழவர் உற்பத்தியாளர் நிறுவனமாகச் சேர்ந்து ஒரே பெயரில் விற்கட்டும். துண்டுக்குள் இருக்கும் விரல்களுக்கு லாபம் எப்போது? வெளியே நிற்பவர்கள் தங்களுக்குள் போட்டியிடும்போது!

தோழர்களே! நம் முன்னோர் தரகனின் துண்டை விலக்கக் கற்றார்கள். அதனால்தான் ஏலக்காயின் விலை இன்று திரையில் எரிகிறது. அந்தத் திரைக்குப் பக்கத்திலேயே, நம் கையிலுள்ள சிறு திரையில், பழைய துண்டு புது நிறத்தில் விரிக்கப்பட்டிருக்கிறது. ‘எவர் விரித்தார்? உள்ளே என்ன விலை?’ என்று கேட்போம். கேட்பது நமக்குப் புதிதல்ல. கேட்டுக்கொண்டே இருப்போம், துண்டு விலகும் வரையில்!